நுரையில் சாயமேற்றிய ஜீன்ஸ்: நான்கு மாதம் போட்டுப் பார்த்ததில்

பதினோரு வருடம் சாயத் தொட்டிப் பக்கத்திலேயே நின்றவன் நான். ‘தண்ணீரே இல்லாமல் சாயமேற்றியது’ என்று ஒரு ஜீன்ஸில் அட்டை தொங்கினால் சிரிப்புத்தான் வரும். இருந்தாலும் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கால் மடிப்பைப் பிரித்து ஒரு பாவு நூலை உருவி, குறுக்கே வெட்டிப் பார்த்தேன். ஓரம் கருநீலம், நடு வெள்ளை. சரி, சாயம் ஒழுங்காகத்தான் ஏறியிருக்கிறது. நடு வெள்ளையாக இருந்தால்தான் முட்டி தேயத் தேய அழகாக வெளுக்கும்.

ஜீன்ஸுக்கு நீலம் தரும் சாயமான இண்டிகோ தண்ணீரில் கரையாது. ஹைட்ரோஸும் (ஆக்சிஜனை இழுக்கும் ஒரு கந்தக உப்பு) காஸ்டிக் காரமும் போட்டால் மஞ்சள் பச்சையாகக் கரையும். நூலைக் கயிறாக்கி அதில் முக்குவோம், காற்றாட விடுவோம், மறுபடி முக்குவோம். வெளியே வந்த நூல் கண்ணெதிரே பச்சையிலிருந்து நீலமாகும். எத்தனை தடவை பார்த்தாலும் அது அலுக்காது. ஹைட்ரோஸிலிருந்து உண்டாகிக் கழிவுநீரோடு போகும் சல்பைட், சல்பேட் உப்புகள்தான் தலைவலி.

இந்த ஜீன்ஸுக்குத் தொட்டியே கிடையாது. கரைத்த இண்டிகோவை நுரையாக்கி நூலில் பூசுகிறார்கள். காற்றுப் பட்டால் நுரையிலேயே நீலமாகிவிடும் என்பதால் நைட்ரஜன் நிரப்பிய கூண்டுக்குள் வேலை நடக்கிறது. நுரையில் பெரும்பங்கு வாயுதான், தண்ணீர் கொஞ்சம். கொஞ்சமே தவிர, இல்லாமல் இல்லை. ‘தண்ணீரே இல்லாமல்’ என்பது ஓவர்.

அட்டை சொல்லாத விஷயம் இன்னொன்று உண்டு. இன்றைய செயற்கை இண்டிகோவில் பெரும்பகுதி அனிலின் என்ற நச்சு வேதிப்பொருளிலிருந்து வருவது. அதில் துளி எச்சம் சாயத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும். அனிலின் இல்லாத இண்டிகோவை ஆர்க்ரோமா என்ற சாய நிறுவனம் 2018இலேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. இதில் எந்த இண்டிகோ என்று விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். ‘பூமியை நேசிக்கிறோம்’ என்று பதில் வந்தது. அப்படியா, சந்தோஷம்.

இதே ஜீன்ஸ் வெளுத்த ரகத்திலும் கிடைக்கிறது. லேசரில் வெளுத்தார்களா, பெர்மாங்கனேட் என்ற வெளுக்கும் ரசாயனத்தை அடித்தார்களா என்று அதில் எழுதவில்லை. அதனால் அதைத் தொடவில்லை. கருநீலமே எடுத்தேன், நானே போட்டு வெளுத்துக்கொள்கிறேன்.

துணி கனம், தையல் உறுதி, பாக்கெட் ஆழம். இடது தொடையில் மட்டும் விரல் அகலத்துக்கு நிறம் கொஞ்சம் மட்டு. வெயிலில் பார்த்தால் தெரியும். அதை நுரையின் தலையில் கட்ட எனக்கு மனமில்லை, தொட்டியிலும் இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் அலசலில் வாளி வெளிர்நீலமானது, மூன்றாவதில் தெளிந்துவிட்டது. ஆனால் ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தால் இன்னும் நீலம் ஒட்டுகிறது. வெளிர்நிற சோபாவில் உட்காருமுன் யோசியுங்கள்.