பிரேமுக்கு ஒரு ரூபா என்றால் முதலில் எண்ணிப் பாருங்கள்

திருகோணமலையில் பழைய வீடியோ டேப்பை ஸ்டூடியோவில் கொடுத்து, அதை இமேஜ் சீக்குவென்ஸாக, அதாவது எண்ணிட்ட தனித்தனிப் படங்களாக வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 24,000 ரூபா போனது. அதில் பாதி, இல்லாத படங்களுக்கு.

டேப் என் பெற்றோரின் கலியாண வீடியோ, 1994ஆம் ஆண்டு எடுத்தது. எங்கள் வீடு கடற்கரையோரம். டேப் மட்டும் உவர்மலையில் சித்தி வீட்டு அலுமாரியில் இருந்ததால் 2004 சுனாமிக்குத் தப்பியது. கனடாவில் இருக்கும் சித்தியின் மகன் அதில் விழுந்திருக்கும் கோடுகளையும் புள்ளிகளையும் துடைத்துத் தருவதாகச் சொன்னான். வீடியோவாக வேண்டாம், தாலி கட்டும் எட்டு நிமிடத்தை மட்டும் பிஎன்ஜி (PNG) படக் கோப்புகளாக அனுப்பு என்றான். வேலை நடுவில் கணினி நின்றாலும் அதுவரை முடித்த படங்கள் பத்திரமாக இருக்கும், கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ. வாசலில் எந்நேரமும் இரண்டு மான்கள் நிற்கும், அவற்றைப் பார்த்துக்கொண்டே பேரம் பேசினேன். பிரேமுக்கு, அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், ஒரு ரூபா என்றார் உரிமையாளர். நம் நாட்டு டேப் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் பதிவானது, நொடிக்கு 25 பிரேம். எட்டு நிமிடத்துக்கு 12,000. இந்தக் கணக்கைப் பணம் கொடுத்த பிறகுதான் போட்டேன் என்பது என் முட்டாள்தனம். பில்லில் 24,000 என்று இருந்தது, ஹார்ட் டிஸ்க்கின் கடைசிக் கோப்பின் பெயரும் 24000. எண் பொருந்துகிறதே என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பி படங்களைக் கோத்து, நாங்கள் தனியாக அனுப்பிய ஒலியையும் சேர்த்து அனுப்பினான். மூன்றாம் நிமிடத்தில் கெட்டிமேளம் கொட்டி ஓய்கிறது. அப்பா தாலியைக் கையில் எடுப்பதோ ஆறாம் நிமிடத்தில். அம்மா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திறந்து பார்த்தால் ஒவ்வொரு படமும் இரண்டு முறை. 1உம் 2உம் ஒன்று, 3உம் 4உம் ஒன்று, பைட் கணக்கு உட்பட. மென்பொருளில் டைம்லைனை நொடிக்கு 50 பிரேம் என்று வைத்து ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். மென்பொருள் பேசாமல் ஒவ்வொரு பிரேமையும் இரட்டித்துவிட்டது. நொடிக்கு 25 என்று கோத்தபோது படம் பாதி வேகத்தில் ஓடியது அதனால்தான்.

கேட்கப் போனபோது உரிமையாளர் அசரவில்லை. “தம்பி, டேப்பில் நொடிக்கு 50 இருக்கிறது. அதைத்தான் எடுத்துத் தந்திருக்கிறோம்.” பாதி உண்மை. டேப்பில் நொடிக்கு 50 புலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றுவிட்ட கோடுகளால் ஆன அரைப் படம். அவற்றை முறையாகப் பிரித்திருந்தால் அசையும் கை அடுத்தடுத்த படங்களில் சற்று நகர்ந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த இரண்டிலும் கை ஒரே இடத்தில், இரண்டிலும் அரைப் படங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது தெரியும் அதே சீப்புப் பல் கோடுகள். “அண்ணா, பிரித்திருந்தால் இந்தக் கோடுகள் ஏன் இருக்கின்றன?” என்றேன். வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று எழுந்து போனார். முதலில் தெரியாமல் செய்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். தெரிந்த பிறகும் திருப்பித் தர 3,000 ரூபாவை மட்டும் நீட்டியவரை ஏமாற்றுக்காரர் என்றல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருந்தது. கோப்புப் பெயர்களில் முன்பூச்சியம் இல்லை. 00001 என்றில்லாமல் வெறும் 1. விண்டோஸ் கோப்புறையில் வரிசை சரியாகவே தெரியும், அதனால் கடையில் கண்டுபிடிக்க முடியாது. தம்பியின் மென்பொருளோ எழுத்து வரிசைப்படி 1, 10, 100, 1000 என்று வாசித்தது. ஓர் இரவு உட்கார்ந்து பெயர்களை மாற்றினான். அப்போதும் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோத் தொகுப்பு மென்பொருள் அதை ஒரே கிளிப்பாகக் காட்டாமல் இரண்டாகக் காட்டியது. 14209 முதல் 14820 வரை 612 கோப்புகள் இல்லவே இல்லை. இரட்டிப்பைக் கழித்தால் 306 படங்கள், பன்னிரண்டு நொடி. அம்மம்மா அறுகரிசி போடும் இடம்.

மின்சாரம் போயிருக்கும் என்றார்கள். சரி, அந்தத் துண்டை மட்டும் மறுபடி எடுத்துத் தாருங்கள் என்றேன். இடம் போதவில்லை என்று மூல வீடியோக் கோப்பை அழித்துவிட்டார்களாம்! மறுபடி டேப்பை ஓட்ட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்.

கொடுப்பதாக இருந்தால் நிமிடக் கணக்கில் விலை பேசுங்கள். நொடிக்கு 25, ஐந்து இலக்க எண், பிஎன்ஜி என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். மூல வீடியோக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். காசு கொடுக்குமுன் கோப்புறையை மவுஸின் வலது பொத்தானால் சொடுக்கி, Properties என்பதைத் திறந்து, கடைசிப் பெயரை அல்ல, மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள். என்னுடையதில் அது 23,388 என்று காட்டியிருக்கும்.

டேப் இப்போது என்னிடம் இருக்கிறது. முப்பது வயது டேப்பைக் கண்ட கருவியில் ஓட்ட மனம் வரவில்லை. நகரில் யாரிடமாவது நல்ல நிலையில் விசிஆர் இருந்தால் சொல்லுங்கள், பக்கத்தில் இருந்து நானே ஓட்டிக்கொள்கிறேன்.