தி அன்லைக்லி மர்டரர்: முதல் காட்சியை அப்படியே நம்பிவிட வேண்டாம்

ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கை வைத்து ஐந்து எபிசோடுகளாக எடுத்த தொடர் இது. 2021 நவம்பர் 5 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஒவ்வொரு எபிசோடும் முக்கால் மணி நேரத்தை ஒட்டி இருக்கும். ஒரு விடுமுறை நாளில் மொத்தத்தையும் முடித்துவிடலாம். தாமஸ் பெட்டர்சன் என்ற பத்திரிகையாளர் 2018இல் வெளியிட்ட புலனாய்வு நூல்தான் மூலம். இயக்கம் ஷார்லட் பிரண்ட்ஸ்ட்ரோம், சைமன் காய்சர்.

பார்த்தவர்கள் இதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் மூன்று விதமான குரல்கள் காதில் விழும். கொலையாளி யார் என்று கடைசி வரை ஊகித்துக்கொண்டே போகலாம் என்று உட்கார்ந்தவர்கள் கடுப்பாகிறார்கள். தொடக்கத்திலேயே ஆளைக் காட்டிவிட்டால் மிச்ச நேரம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. இன்னொரு சாரார் முக்கிய நடிகரின் நடிப்பிலேயே மெய்மறந்து போகிறார்கள். மூன்றாவது குரல் பெரும்பாலும் ஸ்வீடன்காரர்களுடையது. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாத ஒரு குற்றத்தை, செத்துப்போன ஒருவர் மேல், சொந்தப் பெயரைச் சொல்லியே சுமத்தலாமா என்று கேட்கிறார்கள்.

இந்த மூன்றில் முதலாவது தவறான எதிர்பார்ப்பு. மற்ற இரண்டும் ஒரே நேரத்தில் சரி. அதனால்தான் இந்தத் தொடரை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. 1986 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை, ஸ்டாக்ஹோம். மெய்க்காவலர்களை அனுப்பிவிட்டு, பால்மேயும் மனைவி லிஸ்பெத்தும் ஸ்வேயாவேகன் சாலையில் உள்ள கிராண்ட் தியேட்டரில் படம் பார்த்துவிட்டு நடந்தே வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரவு 11:21க்கு, டுனெல்காட்டன் என்ற சந்து வந்து சேரும் முனையில், பின்னாலிருந்து ஒருவர் .357 மேக்னம் துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டார். ஒரு குண்டு பால்மேயின் முதுகில் பாய்ந்தது. இன்னொன்று லிஸ்பெத்தை உரசிப் போனது. சுட்டவர் சந்துக்குள் ஓடி, அதன் முடிவில் உள்ள 89 படிக்கட்டுகளை ஏறி மறைந்துவிட்டார். நள்ளிரவு தாண்டி 12:06க்கு மருத்துவமனையில் பால்மே இறந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

அந்த முனையிலேயே இருந்தது ஸ்காண்டியா இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தலைமை அலுவலகம். அங்கே கிராஃபிக் டிசைனராக வேலை பார்த்தவர் ஸ்டிக் எங்ஸ்ட்ரோம். வயது 52. அன்று இரவு வெகுநேரம் வேலை பார்த்துவிட்டு 11:19க்கு அட்டையைப் பதிந்து வெளியேறினார். (இவர் 1934இல் பிறந்தது பம்பாயில் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும்.) 11:19க்கும் 11:21க்கும் இடையிலுள்ள அந்த இரண்டு நிமிடங்களின் மேல்தான் புத்தகமும் தொடரும் நிற்கின்றன.

தொடர் அந்த இரண்டு நிமிடங்களை எடுத்த எடுப்பிலேயே நிரப்பிவிடுகிறது. எங்ஸ்ட்ரோம் சுடுகிறார், பால்மே விழுகிறார், பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகு நமக்கு ‘யார்’ என்ற கேள்வி இல்லை. ‘கண் எதிரிலேயே நிற்கிற இவரை எப்படிக் கோட்டைவிட்டார்கள்’ என்பதுதான் கதை. நாடகமாகப் பார்த்தால் இது அருமையான முடிவு. எங்ஸ்ட்ரோம் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் நமக்குப் பதைக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரருக்கோ கொட்டாவி வருகிறது.

எங்ஸ்ட்ரோமாக நடிக்கும் ராபர்ட் குஸ்டாஃப்சனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் அவர் பெரிய நகைச்சுவை நடிகர். ஜன்னல் வழியே ஓடிப்போகும் நூறு வயதுத் தாத்தாவாக 2013இல் வந்த படத்தில் நம்மவர்களும் அவரைப் பார்த்திருக்கலாம். இங்கே அந்த நகைச்சுவைத் திறமையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் திசையை மட்டும் மாற்றியிருக்கிறார். தொப்பி, கண்ணாடி, நீளக் கோட்டு, மணிக்கட்டில் மாட்டும் சின்னப் பை. யாராவது தன்னைக் கவனிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார். ஒரே சம்பவத்தை ஒவ்வொரு ஆளிடமும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்: முதலில் அந்தப் பக்கம் போனேன் என்பவர், பிறகு முதலுதவிக்கு முயன்றேன் என்கிறார். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் வரும் அந்தத் திருப்தியைக் கவனியுங்கள். வில்லத்தனம் துளியும் தெரியாது. பாராட்டுக்கு ஏங்கும் ஒரு மனிதர்தான் தெரிவார். அலுவலகத்தில் ஒதுக்கப்பட்டு, குடியில் விழுந்து, தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவரை இவ்வளவு நுணுக்கமாகத் திரையில் பார்ப்பது அபூர்வம்.

இதில் ஒரு விஷயத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு வழக்கின் சிக்கலும் அதில் இருக்கிறது. கொலை நடந்த மறுநாளே எங்ஸ்ட்ரோம் தானாகவே போலீஸுக்கும் பத்திரிகைக்கும் போன் செய்தவர். ஓடிய போலீஸ்காரர்களுக்குத் தகவல் சொல்ல அவர்கள் பின்னாலேயே தானும் சந்துக்குள் ஓடியதாகச் சொன்னார். சாட்சிகள் ஓடிப்போன கொலையாளியாக வர்ணிப்பது உண்மையில் தன்னைத்தான் என்றும் வாதிட்டார். இது அப்பாவியின் குழப்பமாகவும் இருக்கலாம், கெட்டிக்காரனின் முன்னேற்பாடாகவும் இருக்கலாம். கோட்டும் தொப்பியுமாக ஓடிய ஆளைப் பார்த்தேன் என்று நாளை யார் சொன்னாலும் பதில் தயாராக இருக்கிறது. போலீஸோ இவரை விளம்பரம் தேடும் ஆள் என்று முடிவு கட்டி ஓரங்கட்டியது. சம்பவத்தை நடித்துக் காட்டும் மறுஉருவாக்கத்துக்குக்கூட அவரை அழைக்கவில்லை. கோபப்பட்டவர், ஸ்வீடன் தொலைக்காட்சிக்காகத் தானே ஓடிக் காட்டினார்!

போலீஸ் பக்கம் மிக்கேல் பெர்ஷ்பிராண்ட். ‘பெக்’ தொடரில் முரட்டு போலீஸாக ஸ்வீடன் மக்கள் பார்த்துப் பழகியவர், இங்கே ஸ்டாக்ஹோம் மாவட்டப் போலீஸ் தலைவர் ஹான்ஸ் ஹோல்மேர். ஹோல்மேர் சட்டம் படித்தவர், உளவுப் பிரிவை நடத்தியவர். கொலை வழக்கைத் துப்புத் துலக்கிய அனுபவம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் விசாரணையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, குர்து இயக்கமான பிகேகேதான் காரணம் என்ற ஒரே பாதையில் போனார். 1987 ஜனவரியில் பெரிய சோதனை நடத்தி ஆட்களைப் பிடித்து, ஒன்றும் தேறாமல், அதே ஆண்டு பொறுப்பை விட்டு விலகினார். பெர்ஷ்பிராண்ட் அவரை முட்டாளாகக் காட்டவில்லை. தன் ஊகத்தின் மேல் காதல் கொண்ட அதிகாரியாகக் காட்டுகிறார். அடுக்கடுக்காக வரும் பத்திரிகையாளர் சந்திப்புகளில் அவர் தோரணை எப்படி மாறிக்கொண்டே போகிறது என்று பாருங்கள்.

விசாரணையின் சொதப்பல்களில் சில நம்பவே முடியாதவை. திரைக்கதைக்காகப் போட்டதோ என்று தோன்றும். சம்பவ இடத்தைச் சுற்றிக் கட்டிய தடுப்பு மிகச் சிறியது, இது நிஜம். விளைவு, சுடப்பட்ட இரண்டு குண்டுகளையும் கண்டுபிடித்தவர்கள் போலீஸ் அல்ல, பொதுமக்கள். முதல் குண்டை மறுநாள் காலையில் கண்டெடுத்தவர் ஸ்டாக்ஹோமில் வசித்த ஓர் இந்தியப் பத்திரிகையாளர். இரண்டாவது அதற்கும் அடுத்த நாள் கிடைத்தது. கொலை செய்த துப்பாக்கி இன்று வரை கிடைக்கவில்லை.

எங்ஸ்ட்ரோமின் மனைவி மார்கரெத்தாவாக வரும் ஈவா மெலாண்டர் அதிகம் பேசுவதில்லை, ஆனால் தொடரின் கனம் பாதி அவர் மேல்தான். கணவர் விருந்தாளிகளிடம் கதையளக்கும்போது அவர் கண்கள் எங்கே போகின்றன என்று பார்த்தால் போதும்.

காலகட்டத்தை மீட்டெடுத்திருக்கும் விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழுப்பும் மங்கிய மஞ்சளும் கலந்த அறைகள், சிகரெட் புகை, அட்டை பதியும் கடிகாரம், பிப்ரவரிக் குளிரில் ஈரமாகக் கிடக்கும் நடைபாதை. பல பீரியட் தொடர்களில் வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் அதே ஆண்டில் கடையில் வாங்கியதுபோல் பளபளக்கும். இதில் பத்து வருடம் புழங்கிய நாற்காலி, பத்து வருடம் புழங்கியதுபோலவே இருக்கிறது.

பார்க்கும் முறைக்கு வருவோம். ஆடியோவை ஸ்வீடிஷில் வையுங்கள். புரொஃபைல் மொழி ஆங்கிலமாக இருந்தால் சில சமயம் டப்பிங் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். தொடங்கும் முன் ஒரு முறை பார்த்து மாற்றிவிடுங்கள். குஸ்டாஃப்சனின் தயக்கமும் அசட்டுச் சிரிப்பும் அவர் குரலில்தான் இருக்கின்றன, டப்பிங்கில் அது போய்விடும். சப்டைட்டிலில் ‘சிசி’ என்று போட்டிருப்பதை எடுக்காமல் சாதாரண ஆங்கிலத்தை எடுங்கள். சிசி வரிகள் பெரும்பாலும் டப்பிங் வசனத்துக்காக எழுதியவை என்பதால் காதில் விழும் பேச்சோடு ஒட்டாது.

பெயர்க் குழப்பம் ஒன்று எல்லோரையும் பிடித்து ஆட்டுகிறது. இந்த வழக்கில் மூன்று பெட்டர்சன்கள். கிறிஸ்டர் பெட்டர்சன் என்பவர் சிறுகுற்றங்களும் போதையுமாகத் திரிந்தவர். லிஸ்பெத் அடையாளம் காட்டியதால் 1989இல் கீழ்நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, அதே ஆண்டே மேல்முறையீட்டில் விடுதலையானார். கிறிஸ்டர் பீட்டர்சன் என்பவர் வேறு, 2020இல் வழக்கை முடித்துவைத்த அரசு வழக்கறிஞர். மூன்றாமவர் புத்தகம் எழுதிய தாமஸ். தொடரைப் பற்றிப் படிக்கும்போது இவர்களை மாற்றிப் போட்டுக்கொண்டால் எதுவும் புரியாது. அதோடு காலம் முன்னும் பின்னும் தாவும். திரையில் வரும் ஆண்டைத் தவறவிடாமல் பாருங்கள். போனை நோண்டிக்கொண்டே பார்ப்பதற்கான தொடர் அல்ல.

இப்போது முக்கியமான குறை. 2020 ஜூன் 10 அன்று அரசு வழக்கறிஞர் எங்ஸ்ட்ரோமைச் சந்தேக நபர் என்று அறிவித்து, அவர் இறந்துவிட்டதால் வழக்கை முடிப்பதாகச் சொன்னார். எங்ஸ்ட்ரோம் 2000 ஜூனிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டவர். துப்பாக்கி இல்லை, தடயவியல் ஆதாரம் இல்லை. ஒரு நீதிமன்றமும் இதை எடைபோடவில்லை. அவர் பக்கத்து வாதத்தை வைக்க ஒரு வழக்கறிஞரும் எழுந்து நிற்கவில்லை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தொடரிலேயே எழுத்தில் போடுகிறார்கள். ஆனால் ஒரு வரி எழுத்து சில நொடிகள் நிற்கும். துப்பாக்கியோடு நிற்கும் முகம் மனதில் பல வருடம் நிற்கும். இரண்டும் சமம் என்று தயாரித்தவர்கள் நினைத்திருந்தால் அது சரியல்ல.

கதைக்குள்ளேயும் இந்த அவசரத்தின் விலை தெரிகிறது. வேலை முடிந்து ரயில் பிடிக்கப் போகும் ஒரு டிசைனர், பிரதமர் நடந்து வருவார் என்று முன்கூட்டியே தெரியாதபோது, கையில் குண்டு நிரப்பிய மேக்னத்தோடு ஏன் இருந்தார்? பால்மே மேல் இருந்த வெறுப்பு, தோற்றுப்போன வாழ்க்கை என்று தொடர் மனக் காரணங்களை நன்றாக அடுக்குகிறது. அந்த நேரத்தில் அந்த முனையில் ஆயுதத்தோடு நின்றதற்கான காரணம் அந்த அளவுக்குப் பிடிகொடுக்கவில்லை. கொலையைக் காட்டாமல், அட்டை பதியும் ஓசையிலிருந்து விழுந்து கிடக்கும் உடலுக்கு வெட்டியிருந்தால் இதே நடிப்பு, இதே பதற்றம் கிடைத்திருக்கும், நியாயமும் பிழைத்திருக்கும்.

இன்னொன்று, இந்த வழக்கின் அகலம் தொடரில் இல்லை. தென்னாப்பிரிக்க இனவெறி அரசு முதல் ஸ்வீடன் போலீஸுக்குள் இருந்த வலதுசாரிகள் வரை ஏகப்பட்ட ஊகங்கள் உண்டு. கொலை நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1986 மார்ச் 24 அன்று, இந்தியா ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்தோடு பீரங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதையும் இதையும் முடிச்சுப்போட்டுப் பேசியவர்கள் உண்டு. ஒரே ஆளைப் பின்தொடரும் தொடரில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாதுதான். போஃபர்ஸ் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் வாசகர்கள் ஏமாறக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

துரத்தல், திருப்பம், அடுத்தடுத்த பிணங்கள் என்று வேண்டுபவர்கள் முதல் எபிசோடிலேயே விலகிவிடலாம். போகப்போக வேகம் அதிகரிக்காது. விசாரணை அறையில் ஒருவர் பொய் சொல்லும் முறையை உற்றுப் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல தொடர் சுலபத்தில் அகப்படாது. அப்படிப் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் எபிசோடை முடித்ததும், எங்ஸ்ட்ரோம் நிரபராதி என்று வைத்துக்கொண்டு அவர் போலீஸிடம் பேசும் காட்சிகளை மறுபடி ஓடவிடுங்கள். அதே வரிகள், அதே சிரிப்பு, எல்லாமே அந்தக் கணக்கிலும் பொருந்தும்.