வைஃபை, ஜிக்பீ, இசட்-வேவ், த்ரெட், மேட்டர்: ஸ்மார்ட் வீட்டுக்கு எந்த இணைப்பு?

ஸ்மார்ட் சாதனங்களின் இணைப்புத் தரநிலைகளை ஒப்பிடுகிறவர்கள் வேகத்தையும் தொலைவையும்தான் வழக்கமாக முன்னால் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அவை இரண்டாம்பட்சம். ஒரு விளக்கை எரியவைக்கும் கட்டளை சில பைட்டுகளுக்கு மேல் இருக்காது. மிக மெதுவான தரநிலைகூட அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொண்டுசேர்த்துவிடும். முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பொத்தானை அழுத்தியதும் கட்டளை வீட்டுக்குள்ளேயே போய்ச் சேர்கிறதா, எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய்த் திரும்புகிறதா? புதிய சாதனம் வலையமைப்பில் சேரும் அந்தச் சில நொடிகளில் மறையாக்கச் சாவி, அதாவது செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் ரகசிய எண், எப்படிக் கைமாறுகிறது? வசதியின் பெரும்பகுதியை முதல் கேள்வியும் பாதுகாப்பின் பெரும்பகுதியை இரண்டாவது கேள்வியும் தீர்மானிக்கின்றன.

வைஃபையின் கவர்ச்சி வெளிப்படையானது. சாதனங்களை ஒருங்கிணைக்கும் ஹப் என்ற கூடுதல் பெட்டி வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ரூட்டர் போதும். கேமராவுக்கும் காணொளி அழைப்பு மணிக்கும் தேவையான தரவுவேகத்தை இந்தப் பட்டியலில் வைஃபையால்தான் தர முடியும். குறைகளும் அங்கிருந்தே தொடங்குகின்றன. வைஃபை மின்சாரத்தைத் தின்னும். கதவு திறந்ததைச் சொல்லும் நாணய அளவு பேட்டரி சென்சாருக்கு அது ஒத்துவராது. வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன. அதை மாற்ற நினைத்தால் ஒவ்வொரு விளக்கையும் மறுபடி இணைக்க வேண்டும். அதனால் பலர் மாற்றுவதே இல்லை. எல்லாவற்றையும்விட, வைஃபை விளக்கு உங்கள் கணினி இருக்கும் அதே வலையமைப்பில், இணையத்தை நேரடியாகத் தொடக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்கிறது.

அதன் விளைவை 2016 இல் உலகம் பார்த்தது. மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் காணொளிப் பதிவுக் கருவிகளையும் தேடிப் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரியைக் காட்டும் டைன் என்ற நிறுவனத்தின் மீது அத்தகைய படை பாய்ந்தபோது ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. இதை வைஃபையின் குற்றம் என்று சொல்ல முடியாது. ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லும் வெளியே திறந்து கிடந்த வாசலும்தான் காரணம். ஆனால் இணையத்துக்கு நேரடி வழி உள்ள சாதனம் எதுவாக இருந்தாலும் அதைத் தயாரித்தவரின் கவனக்குறைவு உங்கள் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் இத்தகைய பொதுக் கடவுச்சொற்களைச் சட்டப்படி தடைசெய்திருப்பது நல்ல தொடக்கம்.

ஜிக்பீயும் இசட்-வேவும் வேறு வழியில் வந்தவை. இரண்டிலும் சாதனங்கள் நேரடியாக இணையத்தைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு ஹப் இருக்கும். மின் இணைப்பில் இருக்கும் சாதனங்கள் பக்கத்துச் சாதனத்தின் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தி, ஒரு கண்ணி வலையை உருவாக்குகின்றன. பேட்டரி சென்சார்கள் பெரும்பாலும் தூங்கி, தேவைப்படும்போது மட்டும் விழிக்கின்றன. ஒரு சிறு பேட்டரி ஓராண்டுக்கு மேலும் தாங்குவது இதனால்தான்.

ஜிக்பீ இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸில், நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில். வைஃபையும் ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் நெரிசலாக நிற்கின்றன. வைஃபை 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஓடும் இடத்தில் ஜிக்பீயை 15, 20, 25 ஆகியவற்றில் ஒன்றில் வைத்தால் இடைவெளியில் மூச்சுவிட முடியும். கணினியையே ஹப்பாக்க ஜிக்பீ டாங்கிள் என்ற சிறு ரேடியோ கருவியைச் செருகி வைத்திருப்பவர்கள் அதை யூஎஸ்பி 3 துளையிலிருந்து நீட்டிப்பு வயரால் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்; அந்தத் துளையிலிருந்து கசியும் இரைச்சலே 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுத்துவிடும். காரணம் தெரியாமல் 'ஜிக்பீ நம்பகமில்லாதது' என்று கைவிட்டவர்களில் பலருக்கு இந்த ஒரு வயர் போதுமானதாக இருந்திருக்கும்.

இசட்-வேவ் இந்த நெரிசலிலிருந்து விலகி நிற்கிறது. ஐரோப்பாவில் 868, அமெரிக்காவில் 908, இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் அதன் இடம். குறைந்த அலைவெண் என்பதால் சுவரைத் துளைத்துப் போவதிலும் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. வேகம் நொடிக்கு 100 கிலோபிட்தான், மரபான வலையில் 232 சாதனங்கள்தான். வீட்டுக்கு இரண்டும் தாராளம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு பகுதிக்கான இசட்-வேவ் சாதனத்தை இன்னொரு பகுதிக்கு எடுத்துப் போனால் அது அங்குள்ள ஹப்புடன் பேசாது. தயாரிப்பாளர்களும் குறைவு, விலையும் ஜிக்பீயைவிடப் பொதுவாக அதிகம்.

சாவி கைமாறும் அந்த நொடிக்கு வருவோம். ஜிக்பீயும் இசட்-வேவும் ஏஇஎஸ்-128 என்ற வலுவான மறையாக்கத்தைத்தான் பயன்படுத்துகின்றன; அதை நேரடியாக உடைத்து யாரும் உள்ளே வரப்போவதில்லை. ஆனால் ஜிக்பீயில் புதிய சாதனம் சேரும்போது, வலையமைப்பின் சாவியைப் பூட்டி அனுப்பும் இயல்புநிலைச் சாவி உலகுக்கே தெரிந்த ஒன்று: ஜிக்பீயை நிர்வகிக்கும் கூட்டமைப்பின் பழைய பெயரோடு 09 என்ற எண்ணைச் சேர்த்தது. அந்த நேரத்தில் அருகில் ஒட்டுக்கேட்கும் கருவியுடன் ஒருவர் இருந்தால் வலையமைப்பின் சாவி அவர் கைக்கும் போய்விடும். சாதனத்துக்குச் சாதனம் வேறுபடும் நிறுவல் குறியீட்டை ஜிக்பீ 3.0 ஏற்கிறது என்றாலும், சந்தையில் உள்ள பல விளக்குகளும் ஹப்களும் இன்னும் பழைய எளிய வழியிலேயே சேர்கின்றன. வலையமைப்புச் சாவி எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2016 இல், ஆர்எஸ்ஏ மறையாக்கத்தை உருவாக்கிய மூவரில் ஒருவரான அடி ஷமிர் உள்ளிட்ட ஆய்வுக்குழு, பிலிப்ஸ் ஹியூ விளக்குகளைப் பறக்கும் ட்ரோனிலிருந்தே கைப்பற்றிக் காட்டியது. 'விளக்குக்கு மிக அருகில் இருந்தால்தான் சேர்க்க முடியும்' என்ற சோதனையில் இருந்த பிழையும், அந்த ரக விளக்குகளின் மென்பொருளுக்குப் பொதுவாக இருந்த ஒரே சாவியும் அதற்கு வழிவிட்டன. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, கணிதத்தில் யாரும் கை வைக்கவில்லை என்பதுதான். சேரும் முறையும் பகிர்ந்த சாவியும்தான் காலை வாரின.

இசட்-வேவும் முன்பு இதே குழியில் விழுந்தது. அதன் பழைய எஸ்-0 முறை, வலையமைப்புச் சாவியை முழுவதும் சுழியங்களாலான சாவியைக் கொண்டு பூட்டி அனுப்பியது. 2017 ஏப்ரல் முதல் புதிய சாதனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட எஸ்-2 இதைச் சரிசெய்தது. சாதனத்தின் மேல் அச்சிட்ட ஐந்து இலக்க எண்ணைத் தட்டினாலோ கியூஆர் குறியீட்டைப் படித்தாலோதான் கதவுப் பூட்டு வலையில் சேரும். விளக்குகளுக்கு ஒரு சாவி, கதவுப் பூட்டுகளுக்கு வேறொரு சாவி என்று வகைப்படுத்தியும் வைத்திருக்கிறது. விளக்கின் சாவி கசிந்தாலும் வாசல் திறக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஜிக்பீக்கும் இசட்-வேவுக்கும் இடையில் கதவுப் பூட்டுக்கு நான் இசட்-வேவைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு எச்சரிக்கை: சேர்க்கும் நேரத்தில் எஸ்-2 சாதனத்தைப் பழைய எஸ்-0 க்கு இறக்க முடியும் என்று 2018 இல் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இணைத்து முடித்ததும் ஹப் எந்த முறையைக் காட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ப்ளூடூத்தை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. சாதனத்தை முதன்முறை அறிமுகம் செய்துவைக்க அது அருமையான கருவி. வீடு முழுவதையும் இயக்க அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். கைப்பேசி அருகில் வந்தாலே தானாகத் திறக்கும் பூட்டுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022 இல் என்சிசி குரூப் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தொலைவில் இருக்கும் கைப்பேசியின் சிக்னலை இடையில் நின்று கடத்தி, அது வாசலிலேயே இருப்பதாகப் பூட்டை நம்பவைத்துத் திறந்தார்கள். கையால் ஒருமுறை தட்டினால்தான் திறக்கும் என்ற அமைப்பு கொஞ்சம் சிரமம்தான். அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லாருடைய வாயிலும் இருக்கும் பெயர் மேட்டர். அமேசான், ஆப்பிள், கூகுள், அன்றைய ஜிக்பீ கூட்டமைப்பு ஆகியவை 2019 டிசம்பரில் அறிவித்த முயற்சி, 2022 அக்டோபரில் முதல் பதிப்பாக வந்தது. மேட்டரா ஜிக்பீயா என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேட்டர் ஒரு அலைவரிசை அல்ல. சாதனங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கான பொது விதிமுறை. அது வைஃபையின் மீதும் ஈதர்நெட்டின் மீதும் த்ரெட்டின் மீதும் ஓடும். த்ரெட், ஜிக்பீ பயன்படுத்தும் அதே ரேடியோ அடித்தளத்தில், ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபிவி6 என்ற வகை இணைய முகவரி தரும் கண்ணி வலை. த்ரெட்டை வீட்டு வலையமைப்புடன் இணைக்கும் எல்லை ரூட்டர் சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களிலும் டிவி பெட்டிகளிலும் உள்ளேயே இருக்கிறது. அத்தகைய பெட்டிகள் இரண்டு இருந்து, இரண்டும் ஒரே த்ரெட் வலையில் இருந்தால், ஒன்று அணைந்தாலும் மற்றது தொடரும்.

சாவி விஷயத்தில் மேட்டர் முந்தைய பாடங்களைப் படித்திருக்கிறது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஆலையிலேயே தனிச் சான்றிதழ். சேரும்போது அது உண்மையான தயாரிப்புதானா என்று சரிபார்க்கப்படுகிறது. பெட்டியில் உள்ள கியூஆர் குறியீடோ அதனுடன் அச்சிட்ட எண் குறியீடோ இல்லாமல் சேர்க்க முடியாது. த்ரெட் வலைக்குப் பொதுச்சாவி ஒன்று இருந்தாலும், அதற்கு மேல் இரண்டு சாதனங்கள் பேசும் ஒவ்வொரு உரையாடலுக்கும் தனிச் சாவி உருவாகிறது. கட்டளை வீட்டுக்குள்ளேயே ஓடும் வகையில்தான் விதிமுறை எழுதப்பட்டிருக்கிறது. ஒரே விளக்கை ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களின் செயலிகளில் சேர்க்கலாம் என்பது குடும்பத்தில் ஆளுக்கொரு கைப்பேசி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி.

நடைமுறை இன்னும் அந்த அளவுக்குச் சீராகவில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் எல்லை ரூட்டர்கள் ஒரே வீட்டில் தனித்தனி த்ரெட் வலைகளை உருவாக்கிக்கொண்டதால் பலர் அவதிப்பட்டார்கள். 2024 இல் வந்த த்ரெட் 1.4 அதைத் தீர்க்க முனைகிறது. துப்புரவு ரோபோவும் குளிர்பெட்டியும் மேட்டருக்குள் வந்ததே 2023 இன் 1.2 பதிப்பில்தான். பல சாதனங்களின் சிறப்பு வசதிகளுக்கு இன்னும் தயாரிப்பாளரின் சொந்தச் செயலி வேண்டும். மேட்டர் முத்திரை உள்ள வைஃபை சாதனம் பின்னணியில் தன் நிறுவனத்தின் சர்வருடன் பேசுவதையும் அந்த முத்திரை தடுப்பதில்லை.

கட்டளை வீட்டுக்குள்ளேயே போய்ச் சேர்கிறதா என்ற முதல் கேள்வியை மறந்தால் எந்த முத்திரையும் கைகொடுக்காது. ரெவால்வ் என்ற ஹப்பில் இசட்-வேவ் ரேடியோ இருந்தது. ஆனால் அதன் மூளை சர்வரில் இருந்தது. நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கிய பிறகு 2016 மே மாதத்தில் சேவை நிறுத்தப்பட்டதும் அந்த ஹப் வெறும் பெட்டியாகிவிட்டது. இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டு நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றபோது, சுவரில் இருந்த சுவிட்சுகள் வேலை செய்தன, செயலி வேலை செய்யவில்லை. ஆகவே எந்த ஹப்பையும் வாங்கியவுடன் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு விளக்கை எரியவைத்துப் பாருங்கள். எரியவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் முடிவெடுங்கள்.

என் தேர்வு இதுதான். கேமராவுக்கு வைஃபை, ஆனால் ரூட்டரில் விருந்தினர் வலையமைப்பு ஒன்றை உருவாக்கி, கணினியும் கைப்பேசியும் இல்லாத அந்தப் பக்கத்தில் விடுங்கள். கதவுப் பூட்டுக்கு இசட்-வேவ் எஸ்-2 அல்லது த்ரெட் மீது ஓடும் மேட்டர். கதவு, நடமாட்டம், வெப்பநிலை சென்சார்களுக்கு இன்றும் ஜிக்பீதான் விலையிலும் வகையிலும் முன்னால் நிற்கிறது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் மேட்டருக்காகத் தூக்கி எறியாதீர்கள், பாலமாகச் செயல்படும் ஹப் அவற்றை மேட்டருக்குள் கொண்டுவரும். விளக்குகளைப் பொறுத்தவரை, பல்பைவிட ஸ்மார்ட் சுவிட்ச் நல்லது. கண்ணி வலையில் செய்தி கடத்தும் பல்பைச் சுவர் சுவிட்சில் யாராவது அணைத்துவிட்டால் அதைத் தாண்டியிருக்கும் சென்சார் வழி தெரியாமல் தவிக்கும். வயதானவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் கைக்குப் பழகிய சுவிட்சே எளிது. மேட்டர் சாதனத்துடன் வரும் குறியீட்டை அன்றே படம் எடுத்து வையுங்கள். சீட்டு தொலைந்து, சாதனம் கூரையில் பொருத்தப்பட்ட பிறகு அந்த எண்ணைத் தேடுவது கடினம். பழைய வைஃபை பல்பைத் தூக்கிப் போடும் முன் ஆலை அமைப்புக்கு மீட்டெடுத்துவிடுங்கள்; உங்கள் வைஃபை கடவுச்சொல் அதன் நினைவகத்தில் இருக்கிறது.