ரெடிமேட் ஜாக்கெட்டா, டெய்லர்ட்ட தைக்கிறதா?

ரெடிமேட்ல தலைவலியே அந்த நம்பர்தான். ஒரு கடைல 36ன்னா நம்ம உடம்போட மார்பளவு, இன்னொரு கடைல 36ன்னா ஜாக்கெட்ட டேப் வச்சு அளந்தா வர்ற அளவு, ரெண்டுலயும் லேபிள் என்னமோ ஒண்ணுதான், நாம எத நம்புறது? மார்பு செட் ஆனா கை இறுக்கிப் பிடிக்கும், கை செட் ஆனா தோள்பட்டை தொங்கும். குர்த்தி இன்னும் மோசம், ஒரு பிராண்ட்ல எம், அடுத்ததுல எக்ஸ்எல், உடம்பு என்னவோ அதேதாங்க! நம்ம ஊர் உடம்புக்குன்னே சைஸ் சார்ட் வேணும்னு ஃபேஷன் படிப்பு சொல்லித்தர்ற அரசு நிறுவனமான நிஃப்ட்காரங்க 3டி ஸ்கேனர் வச்சு அளவெடுக்கற திட்டம் எல்லாம் எடுத்தாங்க, கடைல தொங்குறதுல ஒண்ணும் மாறுன மாதிரி தெரியல.

வாங்கியே ஆகணும்னா உள்பக்கம் திருப்பிப் பாருங்க. சைடுல ஒரு இன்ச்சாவது துணி விட்டுருந்தா பிரிச்சுக்கலாம், தையல ஒட்டியே துணிய வெட்டி ஓவர்லாக் (ஓரம் பிரியாம இருக்க அடிக்கிற தையல்) அடிச்சிருந்தா அப்படியே வச்சுட்டு வந்துருங்க.

டெய்லர்ட்ட நம்பர் கதையே இல்ல, அளவு ஜாக்கெட் குடுத்தா முடிஞ்சது. ஆனா அது இப்ப போட்டா சரியா இருக்கான்னு பாத்துட்டு குடுங்க, பலபேர் அஞ்சு வருஷப் பழச நீட்டிட்டு அப்புறம் டெய்லர திட்டுறாங்க. காட்டன் லைனிங்க நனைச்சு காயவச்சு தைக்கச் சொல்லுங்க, இல்லன்னா மொத துவையல்லயே சுருங்கிரும். தீபாவளி நெருக்கத்துல குடுத்தா "நாளைக்கு வாங்கக்கா"தான்.

பட்டுக்கு டெய்லர், ஆபீஸ் காட்டன் புடவைக்கு ஸ்ட்ரெட்ச் ரெடிமேட், நான் இப்படித்தான்.