நேர்காணலுக்குத் தயார் செய்கிறோம் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: டர்பனில் எங்களுக்கு நடந்தது

போனது 1,080 ரேண்ட். இதெல்லாம் ஒரு தொகையா என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். 2025 மார்ச்சில் இங்கே தென்னாப்பிரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் ஆனது, அந்தக் கணக்கில் என் மகள் ஒரு கடையில் 37 மணி நேரத்துக்கு மேல் கால்கடுக்க நின்றால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். வேலையே கிடைக்கவில்லை, அதற்குள் ஒரு வாரக் கூலியை எடுத்து நீட்டிவிட்டு வந்தோம்.

நாங்கள் இருப்பது டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பகுதியில், பேவியூ பக்கம். நான் தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. மகள் போன நவம்பர் கடைசியில் மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை) எழுதி முடித்தாள், பதினெட்டு முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரிசல்ட் ஜனவரியில்தான் வரும், அதுவரை வீட்டில் சும்மா இருப்பானேன், கிறிஸ்துமஸ் சீசனுக்குக் கடைகளில் ஆள் எடுப்பார்களே என்று அவளேதான் கிளம்பினாள். இந்த நாட்டில் 35 வயதுக்குக் கீழே வேலை தேடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கிறார்கள், அதனால் ஆசையோடு கூடவே பயமும் இருந்தது. ஏமாற்றுகிறவனுக்கு அந்தப் பயம்தான் முதலீடு.

ஃபேஸ்புக்கில் வேலை தேடுவோர் குழு ஒன்றில் தன் சிவியைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறாள், போன் நம்பரோடு. மூன்றாவது நாள் வாட்ஸ்அப்பில் செய்தி. "வாழ்த்துகள், உங்கள் விண்ணப்பம் முதல் சுற்றில் தேர்வாகிவிட்டது, நேர்காணல் அடுத்த வாரம்." கீழே எல்லாருக்கும் தெரிந்த ஒரு துணிக்கடையின் சின்னம். எந்தக் கடைக்குடி விண்ணப்பித்தாய் என்று கேட்டேன். "நிறைய இடத்துல போட்டேன்மா, அதுல ஒண்ணா இருக்கும்" என்றாள். அந்த பதில் எனக்கு அப்போது போதுமானதாக இருந்தது, அதுதான் என் தப்பு.

பதிவுக்கு 150 ரேண்ட் கேட்டார்கள். சரி, ஃபார்ம் செலவு என்று நினைத்துக்கொண்டேன்.

என் மாமியார், அவளுடைய ஆயா, ஒருவர்தான் முகத்தைச் சுளித்தார். தமிழும் இங்கிலீஷுமாகக் கலந்து பேசுபவர். "நான் கார்மென்ட் ஃபாக்டரியில சேர்ந்தப்ப ஒரு சென்ட் குடுக்கல. வேலைக்கு வா-ன்னு கூப்பிடுறவன் எதுக்கு காசு கேக்குறான்?" என்றார். அத்தை, இப்போதெல்லாம் அப்படித்தான், எல்லாம் ஆன்லைன் என்று நான் அவர் வாயை அடைத்தேன். அவர் திருநீறு பூசி அனுப்பிவைத்தார், வேறு என்ன செய்வார்.

டாக்ஸி பிடித்து டவுனுக்குப் போனோம். வெஸ்ட் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து (அந்தத் தெருவுக்கு டாக்டர் பிக்ஸ்லி கசேமே ஸ்ட்ரீட் என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, நாங்கள் இன்னும் வெஸ்ட் ஸ்ட்ரீட் என்றுதான் சொல்கிறோம்). கட்டடத்தின் இரண்டாம் மாடி. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, ஏ-ஃபோர் தாளில் அச்சடித்து செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். உள்ளே சுவரில் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கம்பெனிப் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது, அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிம்மதியாகிவிட்டது. அது ஒன்றுமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கம்பெனி என்று யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம், வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி நடத்தத் தொழிலாளர் துறையில் தனியாகப் பதிய வேண்டும். அந்தத் தாள் அங்கே இல்லை. நான் கேட்கவும் இல்லை.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் என் மகளோடு சேர்த்து 14 பிள்ளைகள். அதில் பாதிப் பேர் பள்ளிக்கூடக் கறுப்பு ஷூவிலேயே வந்திருந்தார்கள், பாலிஷ் போட்டுப் பளபளவென்று. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் வந்து, நேர்காணலுக்கு முன்னால் கட்டாயப் பயிற்சி, அது 650 ரேண்ட், பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்களைக் கடையில் உள்ளேயே விட மாட்டார்கள் என்றாள். எழுந்து போனவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாரும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ போன் போட்டார்கள். நான் பக்கத்திலேயே இருந்ததால் என் மகளுக்கு அந்த வேலையும் மிச்சம், என் முகத்தைப் பார்த்தாள், நான் பர்ஸைத் திறந்தேன்.

ரசீது கொடுத்தார்கள். ஸ்டேஷனரிக் கடையில் விற்கிற ரசீதுப் புத்தகத்தில் எழுதிக் கிழித்தது, கம்பெனி பெயரும் இல்லை, ஸ்டாம்பும் இல்லை.

பயிற்சி என்பது ஒன்றே கால் மணி நேரம். இரண்டு பக்க ஜெராக்ஸ், கேள்வியும் பதிலும், அதை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். "உங்கள் பலவீனம் என்ன?" "எதையும் மிகச் சரியாகச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பேன், அதுதான் என் பலவீனம்." இப்படியே பதினெட்டுக் கேள்வி. வீட்டுக்கு வந்து அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், கடையின் பெயர் வருகிற இடமெல்லாம் டிப்பெக்ஸ் (எழுத்தை மறைக்கிற வெள்ளை மை) தடவி மேலே எழுதியிருந்தது, அதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் அழிக்க மறந்துவிட்டார்கள். "நோயாளிகளிடம் கனிவாக நடந்துகொள்வேன்" என்று இருந்தது. துணிக்கடையில் யார் நோயாளி?

அந்த நிமிஷமாவது சுதாரித்திருக்க வேண்டும். இல்லை. மறுநாள் போலீஸ் சரிபார்ப்புக்கு 280 ரேண்ட் என்று செய்தி வந்தது, ஒரு அலைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னார்கள், அதையும் அனுப்பினேன். கூடவே ஐடி கார்டின் இரண்டு பக்கப் படம், வங்கிக் கணக்கு விவரம், வீட்டு முகவரிச் சான்று. இங்கே போலீஸ் கிளியரன்ஸ் என்றால் விரல் ரேகை எடுக்க வேண்டும், போலீஸ் ஸ்டேஷனுக்கு நாமே போய்க் கொடுக்கலாம், அதற்கான கட்டணம் போலீசுக்குத்தான் போகும். ரேகையே எடுக்காமல் வாட்ஸ்அப்பில் என்ன சரிபார்ப்பு என்று இப்போது கேட்கிறேன், அப்போது கேட்கவில்லை.

நேர்காணல் அன்றைக்குக் காலை ஐந்து மணிக்கே எழுந்து வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டேன். காலரில் ஒரு மடிப்பு வந்துவிட்டது என்று தண்ணீர் தெளித்து மறுபடியும் போட்டேன். தலையை இறுக்கப் பின்னி, நகம் வெட்டி, ஃபைலில் தாள்களை வரிசையாக அடுக்கி, வழியெல்லாம் அந்தப் பதினெட்டுக் கேள்வியையும் ஒப்பிக்கவைத்துக் கூட்டிப்போனேன். மாலில் அந்தக் கடைக்குள் போய், அவர்கள் கொடுத்திருந்த நேர்காணல் கடிதத்தை நீட்டினோம். கவுண்டரில் இருந்த பெண் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. "இன்றைக்கு நீங்கள் மூன்றாவது" என்றாள்.

என் மகள் அழவில்லை. கடிதத்தை நான்காக மடித்து ஃபைலுக்குள் வைத்தாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

மேனேஜர் நல்ல மனுஷன். வெளியே வந்து, எங்கள் கடை யாரிடமும் ஒரு சென்ட் வாங்காது, இது வாராவாரம் நடக்கிறது என்றார். சிவி இருந்தால் கொடுத்துவிட்டுப் போம்மா, ஜனவரியில் பார்க்கலாம் என்று வாங்கிவைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது டாக்ஸியில் அந்த எண்ணுக்கு நான் பத்துத் தடவை போன் அடித்தேன். பதினொன்றாவது தடவை பிளாக் செய்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து என் கணவர் லீவு போட்டுவிட்டு அந்தச் சந்துக்குப் போனார், வாசலில் செலோடேப் ஒட்டியிருந்த தடம் மட்டும்தான் இருந்தது.

பணத்தைவிட ஐடி விவரம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பதினெட்டு முடிந்த பிள்ளை, அவள் பெயரில் யாராவது போன் கான்ட்ராக்ட் எடுத்தால், கடன் வாங்கினால்? வங்கிக்குப் போய்ச் சொன்னோம். போலீஸ் ஸ்டேஷனில் உறுதிமொழி வாக்குமூலம் எழுதிக் கொடுத்தோம், வழக்கு எண் போனில் வந்தது. தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவை, சுருக்கமாக எஸ்ஏஎஃப்பிஎஸ் என்பார்கள், அங்கே பாதுகாப்புப் பதிவு என்று ஒன்று உண்டு, இலவசம்தான். இன்னாருடைய ஐடி தவறான கைக்குப் போயிருக்கிறது, இவர் பெயரில் யாராவது கடன் கேட்டு வந்தால் கவனமாகப் பாருங்கள் என்று அதில் உறுப்பினராக இருக்கும் வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் எச்சரிக்கை போகும். உங்கள் ஐடி இப்படிப் போயிருந்தால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

அப்புறம் லேபர் ஆபீஸ். அங்கே இருந்த அம்மா ரசீதைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் கேட்டார்: "ஏன் கொடுத்தீர்கள்?" 2014ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம், 15ஆம் பிரிவு, வேலை தேடுகிறவரிடம் வேலைவாய்ப்புச் சேவைக்காக யாரும் கட்டணம் வாங்கக் கூடாது. பதிவு, ஃபைல் என்று என்ன பெயர் வைத்தாலும் சரி. வேலை கொடுக்கிற முதலாளியே வேலைக்காகப் பணம் கேட்பதையும் இன்னொரு சட்டம் தடுக்கிறது. லேபர் ஆபீசிலேயே வேலை தேடுபவர் என்று பெயர் பதியலாம், செலவில்லை. எஸ்ஏ யூத் என்கிற தளமும் இலவசம், அதைத் திறந்து பார்க்க டேட்டாகூடத் தனியாகப் போகாது. ஐடிக்கும் மார்க் ஷீட்டுக்கும் சான்றொப்பம் வேண்டுமென்றால் போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் முத்திரை போட்டுத் தருவார்கள், நாங்கள் அதற்கும் அந்த மாடியில் தாளுக்குப் பத்து ரேண்ட் கொடுக்க இருந்தோம், சில்லறை இல்லாததால் தப்பித்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அந்த 650 ரேண்ட் பயிற்சி பணத்தோடு போகவில்லை. ஜனவரியில் அந்த மேனேஜர் நிஜமாகவே கூப்பிட்டார். உள்ளே நடந்ததை மகள் வந்து சொன்னாள். பலவீனம் என்ன என்று கேட்டிருக்கிறார், இவள் அந்த ஜெராக்ஸ் பதிலை அட்சரம் பிசகாமல் ஒப்பித்திருக்கிறாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார். "காலையிலிருந்து இதே வாக்கியத்தை மூன்று பேர் சொல்லிவிட்டார்கள், எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா?" இவளுக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டதாம். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் அந்தத் தாளில் இல்லவே இல்லை. கல்லாவில் இருபது ரேண்ட் குறைந்தால் என்ன செய்வாய், சனிக்கிழமை கடை மூடும் வரைக்கும் இருந்தால் வீட்டுக்கு எப்படிப் போவாய், வரிசையில் நிற்கிற ஆள் கத்தினால்?

கடைசிக் கேள்விக்கு அவளுக்குக் கோயில் ஞாபகம் வந்திருக்கிறது. ஆடி மாசம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது இவள்தான் ஆயாவோடு அண்டாவுக்குப் பின்னால் நிற்பாள், இருநூறு பேர் வரிசை, வெயிலில் ஒரு தாத்தா தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து சண்டை போட்டார். இவள் அவரை ஓரமாக உட்காரவைத்து முதலில் தண்ணீர் கொடுத்தாள், அப்புறம் வரிசையில் இருந்தவர்களிடமே கேட்டுவிட்டுக் கூழ் ஊற்றினாள். அதைச் சொன்னாளாம். மேனேஜர் அதை மட்டும் எழுதிக்கொண்டாராம். சனி ஞாயிறு வேலை கிடைத்திருக்கிறது, மூன்று மாதத்துக்கு. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து நீ இதுவரை செய்த வேலை என்னென்ன என்று பேசியிருந்தால் போதும், கூழ் அண்டா முதல் நாளே வந்திருக்கும். நான் காலர் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயா ஒன்றும் சொல்லவில்லை, முதல் சம்பளத்தில் பணியாரச்சட்டி வாங்கித் தா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுப் பையனுக்கு ஒரு செய்தி வந்தது. வேறு எண், வேறு கடைச் சின்னம், ஆனால் அதே "வாழ்த்துகள், முதல் சுற்றில் தேர்வாகிவிட்டது." பதிவுக் கட்டணம் இப்போது 180 ரேண்டாம். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். டிசம்பர் முதல் வாரத்தில் அந்த இரண்டாம் மாடியில் எங்களோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வீட்டில் யாராவது இதைப் படித்தால், பெயரில்லாத அந்த ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போனில் இருக்கும் செய்தியையும் அழிக்காதீர்கள். லேபர் ஆபீசில் என் ரசீது ஒன்று மட்டும்தான் ஃபைலில் இருக்கிறது, இன்னும் நாலைந்து சேர்ந்தால் நல்லது என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார், நானே கூட வருகிறேன்.