டி.என்.இ.ஏ. கலந்தாய்வு: கடைக்காரனாக ஏழு வருடம், அப்பாவாக ஒரு வருடம்

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், லேமினேஷன் மெஷின், அவ்வளவுதான். 2018-இல் டி.என்.இ.ஏ. என்கிற தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் கடை வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. சான்றிதழ் ஸ்கேன், விண்ணப்பம், சாய்ஸ் நிரப்புவது எல்லாம் இங்கேதான். ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டு, 2024-இல் என் மகளுக்கே போட வேண்டி வந்தது. சீட் வாங்கி ஒரு வருடம் படித்தும் முடித்துவிட்டாள். செல்போன் வாங்கினால் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுகிறோமே, அந்த மாதிரி இது.

முதலில் பழைய கதை கொஞ்சம். எல்லாக் கல்லூரி இடங்களையும் ஒரே இடத்தில் ஒதுக்குகிற ஒற்றைச் சாளர முறை 1997-இல் வந்தது. ஆன்லைன் வருவதற்கு முன் கலந்தாய்வுக்கு நேரில் சென்னைக்குப் போக வேண்டும். 2011-இல் அக்கா மகனை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். கலந்தாய்வுக்குப் போகிறவர்களுக்குப் பேருந்தில் பாதிக் கட்டணம், மீதித் தூக்கம். உள்ளே பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அவன் மனதில் வைத்திருந்த இடம் எங்கள் கண் முன்னாலேயே மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கிக் காணாமல் போனது. உள்ளே போனதும் சில நிமிடத்தில் நாலு வருடத்தை முடிவு செய்ய வேண்டும். அந்தப் பையன் பதற்றத்தில் எடுத்தது பயோடெக்னாலஜி. அந்தப் பெயரை அவன் அன்று காலைதான் கேள்விப்பட்டிருந்தான். அதனால் இப்போதைய முறையைக் குறை சொல்கிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்: வீட்டில் உட்கார்ந்து யோசிக்க உங்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், அதுவே பெரிய வரம்.

விண்ணப்பம் போடுவது சுலபம். கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 250. கட்-ஆஃப் கணக்கும் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. கணிதம் நூறுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. என் மகள் கணிதத்தில் 88, இயற்பியலில் 84, வேதியியலில் 83. ஆக 88, 42, 41.5. மொத்தம் 200-க்கு 171.5. ஒரே கட்-ஆஃப் நிறையப் பேருக்கு இருந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால்தான், கம்ப்யூட்டர் ஒவ்வொருவருக்கும் குலுக்கிப் போடுகிற ரேண்டம் எண்ணுக்கு வேலை. ரேண்டம் எண் வெளியான அன்று 'அண்ணாச்சி, நம்பர் நல்ல நம்பரா?' என்று சோதிடம் கேட்கிற மாதிரி வருகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தேவையே படாது.

ஒரு வருத்தம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் அரசே ஏற்கிறது. மிக நல்ல திட்டம். ஆனால் என் மகள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. பெயரில் 'அரசு' இருந்தாலும் ஒதுக்கீட்டில் அது சேராது. இதைத் தெரியாமல் வருகிற பெற்றோர் ஒவ்வொரு வருடமும் பத்துப் பேராவது என் கடையில் முகம் சுருங்கிப் போகிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். இந்த முறையின் உயிர் சாய்ஸ் பட்டியல்தான். நானூறுக்கு மேல் கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பிரிவுகள். வேண்டியதை வரிசைப்படுத்திப் பூட்டுகிறோம். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போய், காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுத்துவிடுகிறது. அவ்வளவுதான். ஆனால் ஏழு வருடத்தில் நான் பார்த்த தவறுகளில் பாதி இதைப் புரிந்துகொள்ளாததால் வந்தவை. 'கிடைக்காத காலேஜை மேலே போட்டால் சாய்ஸ் வீணாகிவிடும், கிடைக்கிறதை முதலில் போடுங்க' என்று யாரோ ஒரு மாமா சொல்லியிருப்பார். ஒன்றும் வீணாகாது. கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்கு இறங்கும், அதற்காக உங்கள் ரேங்க் குறையாது. கிடைப்பதை மேலே போட்டால்தான் ஆபத்து. அது உடனே கிடைத்துவிடும், கீழே எழுதிய ஆசையைக் கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது.

இன்னொன்று. எந்தக் கல்லூரியில் எந்த மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்கிற போன வருடக் கட்-ஆஃப் சாதிப் பிரிவு வாரியாகக் கிடைக்கிறது, எல்லோரும் அதைத்தான் பிரிண்ட் எடுக்கிறார்கள். நான் ரேங்க்கைத்தான் பார்க்கச் சொல்வேன். கணிதத் தாள் சுலபமாக இருந்த வருடத்தில் 180 வாங்கியவரும், கடினமாக இருந்த வருடத்தில் 180 வாங்கியவரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

கல்லூரி பார்க்கப் போனது தனிக் கதை. ஜூலையில் இரண்டு இடம் போனோம். ஒன்று நான்கு வழிச் சாலை ஓரத்தில் கண்ணாடிக் கட்டடம். வரவேற்பறையில் ஏசி, குடிக்க ரோஸ்மில்க், பெரிய டிவியில் வேலை கிடைத்த மாணவர்கள் படம் ஓடுகிறது. என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 'கல்லூரி பஸ் நம்ம தெரு முக்குக்கே வருதாம்' என்றாள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ் பிரிவில் சேர்க்கலாம் என்று பேச்சு. 'நாக் மதிப்பீட்டில் நல்ல கிரேடு சார்' என்று அட்மிஷன் ஆபீசர் பெருமையாகச் சொன்னார். நாக் என்பது கல்லூரிக்கு மொத்தமாகத் தருகிற தரச் சான்று. என்.பி.ஏ. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. 'இந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. உண்டா?' என்று என் மகள் கேட்டாள். அது புதுப் பிரிவு, இன்னும் ஒரு பேட்ச்கூட வெளியே வரவில்லை. அப்படியானால் டிவியில் ஓடிய படங்கள் யாருடையவை என்று அவள் அங்கே கேட்கவில்லை, வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்.

இரண்டாவது ஓர் அரசுப் பொறியியல் கல்லூரி. என் கடைக்கு வரும் பையன் ஒருவன் அங்கே மூன்றாம் வருடம், அவன்தான் உள்ளே கூட்டிப்போனான். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. பெண்கள் கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஆனால் எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேபில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு மோட்டாருக்கு லோடு டெஸ்ட். சுழலும் டிரம்மில் பெல்ட்டை இறுக்க இறுக்கச் சூடேறும், அதனால் ஒரு பெண் பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு டிரம்முக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ஸ்பிரிங் பேலன்ஸைப் படிக்கிறாள், மூன்றாவது ஆள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுகிறான். ஆவி பறக்கிறது, லேப் முழுக்கச் சூடான பெல்ட் வாடை. என் மகள் கால் மணி நேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், 'அப்பா, அந்த மக்கு நம்ம வீட்டு மக்கு மாதிரியே இருந்துச்சு' என்று மட்டும்தான் சொன்னாள்.

ரேங்க் வரிசையில் சுற்றுச் சுற்றாக அழைப்பார்கள். எங்களுக்கு இரண்டாம் சுற்று, ஆகஸ்டில். பட்டியல் போட மூன்று நாள். முதல் நாள் இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வீணான ஜெராக்ஸ் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கல்லூரி, ஒரு பிரிவு என்று எழுதினோம். மொத்தம் 63 துண்டு. தரையில் வரிசையாக அடுக்கினோம். பறந்துவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு மூன்று பேரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மொத்தமாகப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் பக்கத்துப் பக்கத்துத் துண்டு இரண்டை மட்டும் எடுத்து, 'இது ரெண்டும் கையில இருந்தா எதுல சேருவ?' என்று கேட்பது. பதில் சொன்னதை மேலே ஏற்றுவது. இப்படியே மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை. சில ஜோடிக்கு உடனே பதில் வரும். சிலதுக்கு வரவே வராது, அங்கேதான் நிஜமான பேச்சு நடந்தது. கண்ணாடிக் கட்டடத்துத் துண்டை என் மனைவி இரண்டு தடவை மேலே நகர்த்தி வைத்தாள். மகள் இரண்டு தடவையும் பேசாமல் கீழே இறக்கினாள். மூன்றாம் தடவை அவளே அதை எடுத்து, அரசுக் கல்லூரியின் இ.இ.இ., அதாவது எலக்ட்ரிக்கல் பிரிவுக்குக் கீழே வைத்துவிட்டு, 'சரி, பத்தாவதா இருக்கட்டும்' என்றாள்.

டைப் அடிக்கும்போது கவனம். பிரிவுக் குறியீட்டில் இ.இ. என்றால் எலக்ட்ரிக்கல், இ.சி. என்றால் எலக்ட்ரானிக்ஸ் கம்யூனிகேஷன். 2019-இல் ஒரு பையனுக்கு நான் ஏழு இடத்தில் இதை மாற்றி அடித்துவிட்டேன். கடைசி நாள் மாலை அவன் அம்மா விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து கண்டுபிடித்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அன்றிலிருந்து பிரிண்ட் எடுத்து வேறொருவர் கண்ணில் காட்டாமல் நான் பூட்டுவதில்லை.

எங்களுக்குக் கிடைத்தது ஒன்பதாவது சாய்ஸ், அந்த அரசுக் கல்லூரி இ.இ.இ. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் ஐந்து பதிலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கேதான் நான் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். 'அக்செப்ட் அண்ட் ஜாயின்', 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்', 'டிக்ளைன் அண்ட் அப்வர்ட்' என்று போகிற அந்த வாசகங்கள் ஊர் ஜனங்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி இல்லை. நான் இப்படிச் சொல்வேன்: முதலாவது, கிடைத்தது போதும். இரண்டாவது, இதைப் பிடித்துக்கொள்கிறேன், இதற்கு மேலே எழுதியதில் ஏதாவது காலியானால் அதைக் கொடு. மூன்றாவது, இது வேண்டாம், மேலே உள்ளது வந்தால் மட்டும் போதும். மீதி இரண்டு, அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்பதும், ஆளை விடு என்பதும். இரண்டாவதைச் சொல்லி மேலே போய்விட்டால் பழைய இடம் போய்விடும், பிறகு அழுது பயனில்லை. மகள் முதலாவதைச் சொன்னாள். மேலே உள்ள எட்டும் அவளுக்கு அப்போது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

கல்லூரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது. மே மாதம் பிறந்தால் எனக்கு போன் வரும். 'அண்ணாச்சி, ஒரு அட்மிஷனுக்கு இவ்வளவு, ரெண்டாவதுக்கு அதுக்கு மேல.' 2018-இல் ஒரு தடவை வாங்கினேன், 5,000 ரூபாய். கலந்தாய்வு வரைக்கும் ஏன் காத்திருக்கிறாய் என்று ஒரு பையனை ஜூனிலேயே, கல்லூரி நேரடியாக நிரப்புகிற மேனேஜ்மென்ட் சீட்டில் அனுப்பினேன். அவனுடைய கட்-ஆஃபுக்குக் கலந்தாய்விலேயே நல்ல கல்லூரி கிடைத்திருக்கும். ஆகஸ்டில் அவன் மனம் மாறி வந்தபோது கல்லூரி அசல் சான்றிதழைத் தர மறுத்தது. அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தருகிற ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி இருக்கிறது, ஆனால் அது அன்றைக்கு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் அரியர் விண்ணப்பங்களுக்கு நாலு வருடம் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தான். நான் காசு வாங்கவில்லை. அவனுக்குக் காரணம் தெரியாது.

சரி, ஒரு வருடப் பயன்பாட்டுக்கு வருகிறேன். சீட் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். 88 வாங்கிய பிள்ளை! விடுதியில் தமிழ் மீடியம் பெண்கள் ஆறு பேர் ஒரே பாடத்தில் போயிருந்தார்கள். ஒரு சீனியர் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில் அடுத்த செமஸ்டரில் ஆறு பேரும் எழுதித் தேறினார்கள். அந்தச் சீனியர் வேறு யாருமில்லை, டிரம்மில் தண்ணீர் ஊற்றிய பெண். ஐ.ஐ.டி.க்கள் நடத்துகிற என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்கள் இலவசம், தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய் என்று நானே நிறையப் பேருக்குப் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். என் மகள் பதிவு செய்து நாலு வாரத்தில் விட்டுவிட்டாள். இரண்டாவது தடவை தோழியோடு சேர்ந்து முடித்தாள். தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவுக்குப் பெண்கள் சேர்ந்து மனு எழுதினார்கள். டைப் அடித்தது என் கடையில். இப்போது தாழ்ப்பாள் இருக்கிறது. கண்ணாடிக் கட்டடத்தில் சேர்ந்த அவள் பள்ளித் தோழியும் நன்றாகத்தான் படிக்கிறாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்துக்கு நான்கு. புரியாத அந்த வாசகங்களுக்காக மட்டும் ஒன்று குறைவு.

இந்த மே மாதமும் அந்த ஏஜென்டிடமிருந்து போன் வந்தது. லீவுக்கு வந்திருந்த மகள் எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, 'உங்க காலேஜ்ல மெஷின்ஸ் லேப் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?' என்றாள். லைன் கட்டாகிவிட்டது. இந்த வருடம் சாய்ஸ் போட வருகிறவர்களுக்குத் துண்டுத் தாள் இலவசம், தரையும் பெருக்கி வைத்திருக்கிறேன். கத்தரிக்கோலை மட்டும் மறக்காமல் திருப்பிக் கொடுங்கள், போன வருடம் இரண்டு காணாமல் போய்விட்டது.