சின்னம்மாவின் இளைப்பும் கொழும்புத் துண்டும்

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் இருக்கும் சின்னம்மாவுக்குக் கிணற்றடியிலிருந்து குசினிக்கு வரவே மூச்சு வாங்குகிறதாம். அதனால் ரொறன்ரோவில் விமானம் ஏறும்போதே, இந்த முறை ஊர் சுற்றல் இல்லை, ஆஸ்பத்திரிதான் என்று முடிவு.

முதலில் தனியார் மருத்துவமனை ஒன்று. எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை. ஆனாலும் தொய்வாக இருக்கலாம் என்று ஒரு பம்பைக் கொடுத்து, பில்லையும் நீட்டினார்கள். ஹீமோகுளோபின் 7 என்று அவர்களின் அறிக்கையிலேயே இருந்தது. பெண்களுக்கு 12 ஆவது இருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

அப்புறம் அரச ஆஸ்பத்திரி கிளினிக். விடியமுன்னம் போய் நம்பர் எடுக்க வேண்டும், வாங்கில் இடம் கிடைக்காது, ஆனால் ஒரு சதம் செலவில்லை. அங்கிருந்த இளம் டொக்டர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "அம்மா, காலமை சலம் என்ன நிறத்தில போகுது?" சின்னம்மா வெட்கத்தோடு, "பிளேன்ரீ மாதிரி" என்றார். வீட்டில் ஒருவருக்கும் அவர் மூச்சு விட்டிருக்கவில்லை.

இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைவதைப் பரிசோதனைகள் காட்டின; சலம் கறுத்ததும் அதனால்தான். சிவப்பணுக்களில் பிறபொருளெதிரிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் கூம்ஸ் சோதனை நெகட்டிவ். பிஎன்எச் (PNH, paroxysmal nocturnal hemoglobinuria) என்ற அரிய இரத்த நோயாக இருக்கலாம் என்றார் டொக்டர். பரம்பரை வியாதி அல்ல; என்பு மச்சையில் இடையில் ஏற்படும் மரபணு மாற்றம். அணுக்களுக்குக் காவலாக இருக்கும் புரதங்கள் இல்லாமல் போக, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவற்றை உடைத்துவிடுகிறது.

உறுதிப்படுத்த, அந்தப் புரதங்கள் அணுக்களில் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஃபுளோ சைட்டோமெட்ரி என்ற சோதனை வேண்டும், அதற்குக் கொழும்பு. வெள்ளணுக்களையும் பார்ப்பதால் இரத்தம் எடுத்து 48 மணித்தியாலத்துக்குள் செய்வது நல்லது. "ரத்தத்தை அனுப்புறதைவிட ஆள் போறது நல்லம்" என்று துண்டு எழுதித் தந்தார். 300 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் இளைக்கிற மனுசி! வாட்டில் வைத்து இரத்தம் ஏற்றி, தெம்பு வந்த பிறகு இரவு பஸ்ஸில் கூட்டிப் போனோம். உங்களுக்கும் இப்படி அலைய நேர்ந்தால் கிளினிக் கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கொழும்பில் முதலில் கேட்டது அதைத்தான்.

முடிவு இன்னும் வரவில்லை. அதுதான் நோய் என்றால், அணுக்கள் உடைவதைத் தடுக்கும் எக்குலிசுமாப் போன்ற மருந்தின் விலை கனடாவிலேயே தலை சுற்ற வைக்கும். இப்போதைக்கு ஃபோலிக் அமிலக் குளிசை. இந்த நோயில் இரத்தம் கட்டிபடும் ஆபத்தும் உண்டு. கால் வீங்கினாலோ வயிறு கடுமையாக வலித்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஓட்டோக்காரப் பெடியனிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.